கண்ணீர் இல்லாத மனு

மட்டாஞ்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டிடிபி கடையில் மனு எழுதுவது சுபாஷிணிதான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் அரசியல் பாடம். பேச்சு குறைவு. அவள் எழுதும் மனுவில் 'தாழ்மையுடன்' இருக்காது, 'கருணை கூர்ந்து' இருக்காது. கருணை கேட்டால் அரசு எஜமான் ஆகிவிடும், குடிமக்கள் வேலைக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்பது அவள் வாதம்.

வீரலட்சுமிக்கு இது பிடிபடவில்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பதினாறு வருஷமாகக் கடைத்தெரு முனையில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் விற்றவள். போன வாரம் மாநகராட்சிக்காரர்கள் நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று கிளப்பிவிட்டார்கள். அந்த முனை போனால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

மலையாளத்தில் எழுதியதைச் சுபாஷிணி தமிழில் சொல்லிக் காட்டினாள். எட்டே வரி. எந்த வருஷம் தெருவியாபாரிகள் கணக்கெடுப்பில் அவளை அந்த முனையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், என்றைக்கு அடையாள அட்டைக்கு மனு வாங்கினார்கள், அட்டை தராமலே என்றைக்குத் தராசைத் தூக்கிப்போனார்கள்.

"இவ்வளவுதானா பாப்பா? நான் அழுததை எழுதலையே. அவனுகளைத் திட்டவும் இல்லை. இது என்ன பஞ்சாங்கமா?"

"திட்டு உள்ளே இருக்கு அக்கா."

"எங்கே, காட்டு பார்ப்போம்."

சுபாஷிணி மனுவை மடித்துக் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் இருவரும் மாநகராட்சி அலுவலகம் போனார்கள். கவரைப் பிரித்த கிளார்க் ஹரிஷங்கர் சிரித்துவிட்டார். "சேச்சி, யாருக்குக் கல்யாணம்?" வீரலட்சுமி நல்லது நடக்கட்டும் என்று மனுவின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்து வந்திருந்தாள். அறையே சிரித்தது. சுபாஷிணிக்கு முகம் சுண்டிப்போனது.

ஐந்தாம் வரியில் ஹரிஷங்கரின் சிரிப்பு நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எங்களைக் குத்தம் சொல்ற வரி ஒண்ணுகூட இல்லை. படிச்சு முடிச்சா குத்தம் எங்க மேலேதான் நிக்குது. யார் எழுதினது?"

சுபாஷிணி லேசாகக் கையைத் தூக்கினாள்.

அவர் எழுந்துபோய்க் கணக்கெடுப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். அதிலிருந்த படத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அதே முனையில், வீரலட்சுமி. மேலதிகாரியின் அறைக்குள் போனவர் அரைமணியில் ஒரு கடிதத்தோடு வந்தார். தெருவியாபாரக் கமிட்டி விசாரிக்கும்வரை அவளை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது.

"பதினெட்டாம் தேதி கமிட்டி. நீங்களே பேசணும், சேச்சி."

வெளியே வந்ததும் வீரலட்சுமி சுபாஷிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கே கொஞ்சம் திட்டிக்கலாமா பாப்பா?"

"முதல்லே நடந்ததைச் சொல்லுங்க அக்கா. அப்புறமும் ஆசை இருந்தா திட்டுங்க."

மத்தியானத்துக்குள் இரவல் தராசோடு வீரலட்சுமி தன் முனையில் சாக்கை விரித்துவிட்டாள்.