எந்தச் சாமிக்கும் சாயாத கை

போன செவ்வாய்க்கிழமை காலை. நான் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. வாசலில் ஒருவர். தலையைச் சுற்றி மஃப்ளர், கையில் ஒரு முட்டைக்கோஸ்.

"கூக்கால் கிராமத்துல இருந்து வர்றேனுங்க. மொத பஸ்ஸைப் புடிச்சு வந்தேன். ஒங்க வலது கையை ஒரு நிமிசம் குடுங்க. சோலி முடிஞ்சதும் போயிருவேன்."

நன்கொடை கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கையை மட்டும் கேட்டு வந்தால் என்ன செய்வது?

அவர் இரண்டு சீட்டுகளை மடித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒன்றை எடுத்தேன். 'மாட்டை விற்க வேண்டாம்' என்று இருந்தது. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முட்டைக்கோஸை வாசற்படியில் வைத்துவிட்டு, அதே பஸ் திரும்புவதற்குள் ஓடினார்.

கேட்க வருகிறீர்கள், தெரிகிறது. வாராவாரம் இதே பக்கத்தில் 'உன் வாழ்க்கையை நீயே முடிவு செய், கடவுள் தலையில் கட்டாதே' என்று எழுதுகிற ஆசாமி நீதானே? ஆமாம், நான்தான். எப்படி இங்கே வந்து நின்றேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடு.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ரோஸ்லின் டீச்சர். ரிட்டையர் ஆனவர். அவருடைய ஒரே மகன் ஜெபராஜ், கொடைக்கானலிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். அம்மாவைக் கேட்காமல் ஒன்றின் மூடியைக்கூடத் திறக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் காதலித்தார்! பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாக்லேட் கடை. அங்கே கவுண்டரில் நிற்கும் புவனாவிடம் தினம் ஒரு சாக்லேட் வாங்கினார். மூன்றாவது மாதம் ஒரு பல்லைப் பிடுங்கினார். நான்காவது மாதம் விஷயத்தைச் சொன்னார்.

புவனாவின் அப்பா மாரியப்பன் பள்ளங்கி கிராமத்தில் கேரட் போடுகிறார். இளவட்டமாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். தீவிர முருக பக்தர்.

இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? அழுகை, அரளி விதை, அரிவாள்? ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு வீட்டாரும் முதல் நாளே சரி என்று சொல்லிவிட்டார்கள். காதலர்களுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு ஃபார்மாலிட்டிதான் பாக்கி. சாமியைக் கேட்க வேண்டும்.

ரோஸ்லின் டீச்சர் வீட்டில் வாக்குத்தத்தப் பெட்டி உண்டு. சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுப்பார். வருவதுதான் உத்தரவு. மாரியப்பன் வழி வேறு. கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம்.

முதல் மாதம் வெள்ளைப் பூ வந்தது. அட்டையில் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம். இரண்டாம் மாதம் அட்டையில் ஆனந்தக் களிப்பு, கோயிலில் சிவப்புப் பூ. மூன்றாம் மாதம் இரண்டும் சேர்ந்தாற்போல் மறுத்துவிட்டன. இரண்டு சாமிகளும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்களே என்ற சந்தோஷத்தில் ரோஸ்லின் டீச்சர் பள்ளங்கிக்குக் கேக் கொண்டுபோனார்.

இப்படியே மூன்று வருஷம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வழியில் பார்த்தால் மாரியப்பன் மரியாதையாக விசாரிப்பார்: "டீச்சரம்மா, இந்த மாசம் ஒங்க பக்கம் என்ன சொல்லுது?"

பிறகு ஒருவர் சாமியை மற்றவர் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. டீச்சர் வாடகை ஜீப்பில் கோயில் வாசல் வரை போனார். இறங்கவில்லை. "நான் உள்ள வர மாட்டேன் மாரியப்பன். ரிசல்ட்டை மட்டும் வந்து சொல்லுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பு.

மாரியப்பன் வாக்குத்தத்தப் பெட்டியில் கைவிட்டார். வீடு கட்டுவது பற்றி ஏதோ ஒரு வசனம் வந்தது. மனிதர் ஊருக்குப் போய், வீட்டுக்குப் பின்னால் ஓர் அறைக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

"கல்யாணத்தைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆனா கட்டச் சொல்லியிருக்குல்ல? நாம மாட்டேங்கலாமா?" என்று என்னிடமே கேட்டார்.

மலையெல்லாம் குறிஞ்சி பூத்து ஓய்ந்து, அதைப் பார்க்க வந்த கூட்டமும் இறங்கிப்போன சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் டீச்சர், மாரியப்பன், ஜெபராஜ் மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சார், ஒங்க பத்தியை ஒரு வாரங்கூட விடாமப் படிக்கிறேன்" என்றார் டீச்சர். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. "நீங்க கோயிலுக்கும் போறதில்ல, சர்ச்சுக்கும் வர்றதில்ல. எந்தச் சாமிக்கும் சாயாத கை ஒங்க கைதான். அதனால நீங்களே ஒரு சீட்டு எடுத்துக் குடுத்துருங்க."

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினேன். ஆன்மிகம் என்றால் விடுதலை, கீழ்ப்படிதல் அல்ல என்றேன். மனசாட்சியைவிடப் பெரிய கோயில் உண்டா என்று கேட்டேன். சுயமாக எடுக்காத முடிவில் மனிதன் எப்படி வளருவான் என்று மேஜையைத் தட்டினேன். ஜெபராஜ் மூன்று பேனாக்களில் ஒன்றை எடுத்துக் குறிப்புகூட எழுதிக்கொண்டார்.

முழுவதையும் மாரியப்பன் கைகட்டிக் கேட்டார். "நல்லா வெளங்குச்சுங்கய்யா. இப்ப எடுங்க" என்றார்.

எடுத்தேன். டீச்சர் எழுதிக்கொண்டுவந்த இரண்டு சீட்டுகளில் ஒன்று. முத்து முத்தான கையெழுத்து. 'வேண்டாம்.'

அந்த நொடியில் நான் செய்திருக்க வேண்டிய காரியம் மிகச் சுலபம். சீட்டைக் கசக்கி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு, 'நடத்தலாம்' என்று சொல்லியிருக்கலாம். யார் பிடுங்கிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால், பொய் சொல்லக் கூடாதல்லவா! உரக்கப் படித்தேன். நம்பிக்கையே இல்லாத ஒரு துண்டுக் காகிதத்துக்கு, அதை நம்பி வந்தவர்களைவிட அதிக விசுவாசமாக நடந்துகொண்டேன்.

"சரிம்மா" என்றார் ஜெபராஜ். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புவனாவா? அவள் கடையில் சாக்லேட் விற்றுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

விஷயம் பரவியது. முதலில் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள். பிறகு மன்னவனூர், பூம்பாறை. ஒருநாள் வத்தலக்குண்டிலிருந்து ஒரு தம்பதி வேன் பிடித்து மேலேறி வந்தார்கள். வீட்டுக்கு நீலப் பெயின்ட்டா, பச்சைப் பெயின்ட்டா? பிள்ளையை ஹாஸ்டலில் விடலாமா? பூண்டு போடவா, பீன்ஸ் போடவா? ஆரம்பத்தில் துரத்தினேன். அப்புறம் திட்டிக்கொண்டே எடுத்தேன். அப்புறம்... திட்டுவது நின்றுவிட்டது.

ஒருநாள் மனைவி கேட்டாள்: "ஏங்க, கொஞ்ச நாளா எதுக்குக் கரண்டியை இடது கையில புடிக்கிறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். குப்பைக்கூடையை இடது கையால் தூக்குகிறேன். காலையில் எழுந்ததும் வலது கையைத் தனியாகச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். வெளியே போனால் அந்த ஒரு கைக்கு மட்டும் கையுறை!

"கைக்கு விரதமா?" என்றாள். இருபது வருஷம் மூடநம்பிக்கையைத் திட்டி எழுதிய கை. அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

இந்த லட்சணத்தில்தான் போன செவ்வாய் சாயங்காலம் புவனா வந்தாள். கடை யூனிஃபாரத்தோடு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், வியாழக்கெழமை பத்து மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு வரணும். சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேணும். நீங்களும் ஒங்க வீட்டு அம்மாவும் வந்தா ரெண்டு பேராச்சு. எங்க கடை அக்கா ஒருத்தங்க வர்றாங்க, மொத்தம் மூணு."

"யாருக்கும்மா கல்யாணம்?"

"எனக்குத்தான் சார். ரெண்டு மதம்ல, அதனால ஒரு மாசத்துக்கு முந்தியே நோட்டீஸ் குடுத்தாச்சு. போர்டுல ஒட்டித்தான் கெடக்கு. ஊர்ல ஒருத்தரும் படிக்கலே."

"ஜெபராஜ் கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டாரு. இது கல்யாணம் இல்லே, கல்யாணத்தைப் பத்தின அறிவிப்புதான்னு சொன்னேன். அறிவிப்பு வேணாம்னு சீட்டுல வரலியேன்னு ரொம்ப நேரம் யோசிச்சுட்டுப் போட்டாரு."

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'பலே பெண்ணே! இதைத்தானே நான் வாராவாரம் எழுதுகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"ஆனா... சீட்டுல வேண்டாம்னு வந்துச்சேம்மா?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது.

புவனா கோபப்படவில்லை. "அது நீங்க எடுத்த சீட்டு சார். நான் எடுக்கலியே" என்றாள். வாசலில் திரும்பிப் பார்த்து, "அவருகிட்டயும் சொல்லிட்டேன். பத்து மணிக்கு நான் நிப்பேன். வந்தா கல்யாணம். வரலேன்னா நேரா கடைக்குப் போயிருவேன். அரை நாள் லீவுதான் போட்ருக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை பனி இறங்கிக் கிடந்தது. எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. நான், மனைவி, சாக்லேட் கடை அக்கா, நடுவில் அரக்குப் பட்டுப்புடவையில் புவனா. புடவைக்கு மேல் ஸ்வெட்டர். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. செல்போனில் சிக்னல் இல்லை.

"வரலேன்னா அழ மாட்டேன் சார்" என்றாள் திடீரென்று. "கண்ணு வீங்குனா கவுண்டர்ல நிக்க முடியாது."

அவள் உதடு நடுங்கியது. குளிரால் என்று நினைத்துக்கொள்ள நான் பிரயாசைப்பட்டேன். நாலு வருஷம் இந்தப் பெண் காத்திருக்கிறாள். அதில் கடைசி நாலு மாதம் என் கைங்கரியம்.

பத்தரைக்குப் பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப். முதலில் ஜெபராஜ் இறங்கினார். கோட்டு, டை. பின்னால் ரோஸ்லின் டீச்சர். அதற்கும் பின்னால் மடித்துக் கட்டிய வேட்டியும் கையில் மாலைகளுமாக மாரியப்பன்!

புவனா ஓரடி பின்வாங்கினாள்.

"என்னால மறைக்க முடியல. காலையில அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார் ஜெபராஜ். "அம்மா வேண்டாம்னு சொன்னாலும் வர்றதாத்தான் இருந்தேன்..." அரை விநாடி யோசித்து, "லேட்டா வந்திருப்பேன்" என்றார். அவர் வரையில் அது ஒரு புரட்சி.

டீச்சர் நேராகப் புவனாவிடம் போய் அவள் ஸ்வெட்டர் காலரைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குப் பெட்டியைத் திறக்கவே இல்ல சார். திறந்தா ஏதாவது சொல்லிருமோன்னு பயமாயிருந்துச்சு. பள்ளங்கிக்குப் போன் பண்ணேன். இவரைக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"நானும் கோயில் பக்கம் போகலீங்க" என்றார் மாரியப்பன், தலையைக் குனிந்துகொண்டு. "டீச்சரம்மா போன் பண்ணவும் எந்திரிச்சேன். காலு அங்கிட்டுத்தான் போச்சு. பாதியில திரும்பி வந்து மாலை கட்டுனேன். முருகன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு... நெனச்சாலும் நாளைக்குப் போயி சொல்லிக்கலாம்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ நான் எடுத்த சீட்டு?"

டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன சார் இது? ஒங்க கை மனுஷக் கைதானே?"

ஒரே வாக்கியத்தில் என் பதவி போனது. பூண்டும் பீன்ஸும் பச்சைப் பெயின்ட்டும் கண்முன்னே பனியோடு பனியாகக் கலைந்தன. நிம்மதியாக இருந்தது என்று எழுத ஆசை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வலித்தது. கீழ்ப்படிகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நமக்கு நாலு பேர் கீழ்ப்படிந்தால் மட்டும் அது இனிக்கிறதே... ஏன்?

கையெழுத்துப் போட்டார்கள். மாரியப்பன் கட்டிய மாலைகளை மாற்றிக்கொண்டார்கள். டீச்சர் வாய்க்குள் ஜெபம் பண்ணினார், மாரியப்பன் வாய்க்குள் முருகா என்றார். பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்தோம். ஏழு பேர். பசி. எங்கே சாப்பிடலாம்?

பிரியாணிக் கடை இடது பக்கம், சைவ ஹோட்டல் வலது பக்கம். டீச்சர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் புது மனைவியைப் பார்த்தார். அவளோ, "இன்னைக்கு இதுக்கு மேல என்னால முடிவெடுக்க முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். 'ஒங்க இஷ்டம்', 'இல்லல்ல, ஒங்க இஷ்டம்' என்று கால் மணி நேரம் நடுரோட்டில் நின்றோம். இரண்டு மதங்களையும் சமாளித்தவர்களால் இரண்டு ஹோட்டல்களைச் சமாளிக்க முடியவில்லை.

கடைசியில் மழை கொட்டியது. கைக்கு அகப்பட்ட ஒரு டீக்கடைக்குள் ஓடினோம். அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். பிரெட் ஆம்லெட்.

கல்யாண விருந்து பிரமாதம். இதை நான் யாரையும் கேட்காமல் சொல்கிறேன்.