மொரித்தா கடையின் முதல் கிண்ணம்

ஸ்காபரோவில் பாதிப் பேருக்கு மாட்டிறைச்சிச் சோறு போட்டவள் புனிதவதி. அவள் வாயில் இன்றுவரை ஒரு துண்டு மாட்டிறைச்சி பட்டதில்லை. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு முதலில் சிரிப்பவளே அவள்தான்.

'மொரித்தா' என்ற ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைக்கு இன்று ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் ஒரு டசின் கிளைகள். கிண்ணம் நிறையச் சுடுசோறு. அதன் மேல் வெங்காயத்தோடு சோயா சோஸிலும் சீனியிலும் கொதித்த, மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சி. ஓரத்தில் சிவப்பாக இஞ்சி ஊறுகாய். வேறு பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் கிண்ணம் அவர் முன்னால் ஆவி பறக்க இருக்கும். அந்த வேகத்தில்தான் கடை வளர்ந்தது.

முதற்கடை ஒரு ஷொப்பிங் மோலின் சாப்பாட்டுப் பகுதியில், கழிவறைக்குப் போகிற வழியில் இருந்தது. முதலாளி மொரித்தா ஒடிசலான மனிதர். சிரிப்புக்கும் முறைப்புக்கும் ஒரே முகத்தை வைத்திருப்பவர். கோப்பை கழுவ ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, டோர்செட் பார்க்கில் அப்போது குடியிருந்த புனிதவதி போய் நின்றாள். கடையின் முன்னால் தொங்கிய படத்தில் சோற்றின் மேல் கிடந்தது காளான் என்றுதான் அவள் நினைத்தாள். சில நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. பஸ் தரிப்பில் நின்றபடியே புருஷனுக்குப் போன் எடுத்தாள். இராசரத்தினத்தார் அப்போது டிலிவரி ட்ரக் ஓடிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, அது காளான் இல்லையாம். மாடாம்!"

"சரி. நீர் அங்க வேலைக்குத்தானே போறீர்? சாப்பிடவோ போறீர்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் சாமி விளக்கைத் தொடுவது என்று அவள் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். கனடாக் குளிரில் அது லேசான காரியமா? தலை காயவைக்கிற மெஷின்கள் எத்தனையோ புகைந்து போயின. சட்டம் மட்டும் அசையவில்லை.

கோப்பை கழுவியவளை வெங்காயம் வெட்ட விட்டார்கள். வெட்டியவளை ஒரு நாள், சமையல்காரர் வராததால், அடுப்படியில் விட்டார்கள். அங்கேதான் அவள் அந்தப் பிழையைச் செய்தாள். சீவிய வெங்காயத்தை அப்படியே கொதிக்கிற சாற்றுக்குள் போட வேண்டும் என்பது மொரித்தாவின் முறை. வதக்காத வெங்காயத்தைத் தண்ணீருக்குள் கொட்ட யாழ்ப்பாணத்துப் பொம்பிளை ஒருத்திக்குக் கை வருமா? புனிதவதி தாச்சியில் எண்ணெய் விட்டு, வெங்காயத்தை ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்கி, பிறகுதான் சாற்றில் சேர்த்தாள். வாசம் கழிவறைப் பக்கம் போனவர்களைக்கூடத் திருப்பிக் கூட்டிவந்தது.

மொரித்தா வந்து பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் தின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேலை போய்விட்டது என்றே அவள் முடிவு கட்டி, ஏப்ரனைக் கழற்றி மடித்தும் வைத்துவிட்டாள்.

"நாளைக்கும் இப்படியே செய்யுங்கள்" என்றார் அவர்.

பிறகு பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு கடை. பிறகு நகரத்து நடுவில், பிறகு பிக்கரிங்கில். கொரோனா வந்து கதிரைகள் எல்லாம் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்த காலத்தில்கூட, கிண்ணங்களைக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்துச் சமாளித்தார்கள். ஒவ்வொரு புதுக் கடைக்கும் வெங்காயம் வதக்கப் பழக்குவதற்குப் போனவள் புனிதவதி. 'அன்ரி வெங்காயம்' என்றுதான் எல்லாக் கிளைகளிலும் அதற்குப் பெயர். சீனப் பெடியன்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

சமையலுக்கே பொறுப்பாக வந்த பிறகு ஒரு சங்கடம் வந்தது. ருசி பார்ப்பது யார்? அதற்குக் கிளடிஸ் கிடைத்தாள். மன்னார்க் கத்தோலிக்கப் பெண். மாடு என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். புனிதவதி மணத்தைப் பிடித்துப் பார்த்துச் சொல்லுவாள். கிளடிஸ் கரண்டியை நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள்.

"என்ர மூக்கும் உன்ர நாக்கும் சேர்ந்தால்தான் ஒரு ஆள்" என்பாள் புனிதவதி. இது மொரித்தா உட்பட எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

போன வருடம் ரூஜ் என்ற பகுதியில் புதுக் கடை போடப்போவதாகச் செய்தி வந்தது. புனிதவதியின் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மொரித்தா அவளைக் கூப்பிட்டு, "இந்தக் கடைக்கு நீங்கள்தான் மனேஜர்" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை பேரைப் பழக்கி மனேஜராக்கி அனுப்பியிருப்பாள்! ஒரு கடையை முழுக்கத் தன் விருப்பப்படி நடத்திப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவளுக்குள் எப்போதோ ஊறிப்போயிருந்தது. ஆசைப்படுவதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

ஆனால் மொரித்தாவில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கடை திறக்கும் நாள் காலை, கதவு திறக்குமுன், மனேஜர் வாடிக்கையாளரின் கதிரையில் உட்கார்ந்து முதற் கிண்ணத்தைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட வேண்டும். எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். புனிதவதியே எத்தனையோ பேருக்கு அந்தக் கிண்ணத்தை நீட்டியிருக்கிறாள். தனக்கு ஒருவர் நீட்டும் நாள் வருமென்று ஏனோ அவள் யோசித்ததே இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் வன் பௌல். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றாள் மகள் நிலக்சி.

"ஒருநாள் சாப்பிட்டிட்டு ஒரு அர்ச்சனை செய்தாப் போச்சு. பிள்ளையார் கோவிக்கமாட்டார்" என்றார் இராசரத்தினத்தார்.

"அவர் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன்" என்றாள் அவள். "ஆரும் சொல்லி நான் சாப்பிடாமல் இருக்கேல்லை. எனக்குச் சாப்பிட விருப்பமில்லை. கடைக்காக வாயை மாத்தேலாது."

"நான் பக்கத்தில இருந்து ஒளிச்சுச் சாப்பிடட்டோ, அக்கா?" என்று கேட்டாள் கிளடிஸ். அவள் கேட்டது உதவிக்கா, பசிக்கா என்று தெரியவில்லை.

புனிதவதி நேரே மொரித்தாவிடமே போனாள். இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. ஆனால் ஒரே அடுப்படியில் சேர்ந்து இரவல் வாங்கியதால், ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே விளங்கும்.

"நான் சாப்பிடமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அதனால்தான் எனக்கும் நித்திரை இல்லை" என்றார் அவர். "என் அப்பா ஒசாகாவில் சின்னக் கடை வைத்திருந்தார். சாகும்வரை பின்பக்கம் நின்றபடியே சாப்பிட்டார். தன் கடைக் கதிரையில் ஒருநாளும் உட்காரவில்லை. அதனால்தான் இந்த வழக்கம். ஒருவருக்காக மாற்றினால் அது வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமைவரை யோசியுங்கள். முடியாவிட்டால் அடுப்படியில் உங்களோடு நிற்கிற பஸ்ரியன் பொறுப்பெடுப்பார்."

திறப்பு நாளும் வெள்ளிக்கிழமையாம்! மரக்கறி மட்டும் சாப்பிடுகிற நாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

வெள்ளிக்கிழமை காலை புனிதவதி முழுகி, திருநீறு பூசி, கடைக்குப் போனாள். பஸ்ரியன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மூலையில் நின்றான். அவள்தான் அவனுக்கு வேலை பழக்கியவள். பாவம், அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வெங்காயத்தை வதக்கினாள், சாற்றில் சேர்த்தாள், இறைச்சியைப் போட்டாள். கிளடிஸ் கரண்டியை நக்கிவிட்டுத் தலையாட்டினாள். முதற் கிண்ணம் தயார்.

மொரித்தா ஜன்னலோரக் கதிரையை இழுத்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். தோற்கத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் காலிக் கதிரையைப் பார்த்தபோது, அவருடைய அப்பாவின் கதை நினைவுக்கு வர, அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது.

"மிஸ்டர் மொரித்தா, உங்கட முதல் கடை திறந்தண்டைக்கு ஆர் இருந்து சாப்பிட்டது?"

"ஒருவரும் இல்லை. நான் தனியாக இருந்தேன். கதவு திறந்ததும் சனம் வந்துவிட்டது."

"பிறகு?"

"பிறகு... நேரம் கிடைக்கவில்லை."

"அப்ப நீங்களும் உங்கட அப்பா மாதிரித்தான்."

இதைச் சொன்னதும் அவளுக்கே பயமாக இருந்தது. பஸ்ரியன் சுவரைப் பார்த்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள் கிண்ணத்தை அந்த ஜன்னலோர மேசையில் வைத்தாள்.

"எங்கட வீட்டில சமைச்சவள் கடைசியாத்தான் சாப்பிடுறது. வந்தவையை இருத்திப் போடுறதுதான் முதல் வேலை. கடை பஸ்ரியனுக்கே போகட்டும். இண்டைக்கு இந்தக் கிண்ணம் உங்களுக்கு. இருங்கோ."

மொரித்தா கதிரையின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தன் பெயர் எழுதிய கடையில், வாடிக்கையாளரின் கதிரையில், வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்து குச்சிகளைக் கையில் எடுத்தார்.

பாதிக் கிண்ணம் முடிய, புனிதவதியின் வாய் சும்மா இருக்கவில்லை. "வடிவாச் சாப்பிடுங்கோ. இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. மொரித்தா குனிந்த தலையை நிமிர்த்தாமலே கிண்ணத்தை நீட்டினார். கண்கள் கலங்கியிருந்ததைக் கிளடிஸ் பார்த்துவிட்டாள். அவள் வாயில் எதுவும் தங்காது என்பதால் இப்போது எல்லாக் கிளைகளுக்கும் தெரியும்.

கடைசிப் பருக்கையும் போனபின் அவர் எழுந்தார். கோட்டைக் கழற்றிப் பஸ்ரியனின் கையில் கொடுத்தார். ஸ்டிக்கர்கூட உரிக்காத புதுத் தாச்சி ஒன்றை எடுத்து, ஸ்டிக்கரைப் புனிதவதியிடம் காட்டிவிட்டு உரித்தார். எண்ணெய் விட்டார். வெங்காயத்தை வதக்கினார். தனியாகச் சோயாவும் சீனியும் விட்டுக் கொதிக்க வைத்தார். இறைச்சிப் பக்கம் அவர் கை போகவே இல்லை. சுடுசோற்றின் மேல் அதை ஊற்றி, இஞ்சி ஊறுகாய் வைத்து, ஜன்னலோர மேசைக்குத் தானே கொண்டுவந்தார்.

"வழக்கம் போட்டவன் நான்" என்றார். "என் அப்பாவுக்கு மாட்டிறைச்சி தினமும் கிடைத்தது. கதிரைதான் கிடைக்கவில்லை. உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எனக்கே அது புரிகிறது. நீங்கள் உட்காருங்கள்."

புனிதவதி உட்கார்ந்தாள். கதிரை மெத்தென்று இருந்தது. ஜன்னல் வழியாகத் தெருவும் வெயிலும் தெரிந்தன. இத்தனை காலமும் சனங்கள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள். வெங்காயம் ஒரு பக்கம் கருகியிருந்தது. சோயா அள்ளிக் கொட்டியதுபோல உப்புக் கரித்தது.

"உப்புக் கூடிப்போச்சு" என்றாள்.

"ஐயோ, என்ர வேலை போச்சு! அக்காவுக்கு நாக்கு வந்திட்டுது!" என்று கிளடிஸ் கத்த, கடை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவன் பஸ்ரியன்தான். மொரித்தாவும் சிரித்தார், அல்லது முறைத்தார்.

அந்தக் கருகின வெங்காயச் சோற்றைப் புனிதவதி ஆறுதலாகச் சாப்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அடுப்படிக்குள் நின்றே காலம் போனவளுக்கு, ஒருவர் சமைத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

வெளியே சனம் சேர்ந்துவிட்டது. முன்னால் நின்ற ஒருவர் கதவைத் தட்டி, திறக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று கையால் காட்டினார். பஸ்ரியன் கோட்டையும் ஏந்திக்கொண்டு கதவைத் திறக்க ஓடினான். கிளடிஸ் அவனை எட்டிப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்றாள். "மனேஜர் சாப்பிடுறா."