மாற்று ஆள்

சவூதி தம்மாம் யார்டு மேனேஜரே, நீங்கள் எவனுக்கும் வெல்டிங் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உங்களிடம் வேலை பார்க்கும் வெல்டர். என்னைவிட எட்டு வயது இளையவர். கழுத்தெல்லாம் தீப்பொறி பட்ட புள்ளிகள். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

நான் அவருக்கு ஹெல்பர். தினமும் சாப்பாட்டு நேரத்தில் தன் மாஸ்க்கை எனக்குக் கொடுத்து, வேண்டாத தகட்டில் பழக்கினார்.

"நான் கத்துக்கிட்டா உங்க வேலைக்கே வந்துருவேன். பயமில்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"வாங்கண்ணே, அதுக்குத்தான் சொல்லித்தர்றேன். மாத்து ஆளு மாஃபி, இல்லைன்னு மூணு வருஷமா லீவு தரல. நான் இங்க வந்தப்புறம் பொறந்த மக ஸ்கூலுக்கே போயிடுவா போல, நான் இன்னும் தூக்கல. கையை ஆட்டாதீங்க."

டெஸ்டில் பாஸானேன். மறு வாரமே என்னை வெல்டராக வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டீர்கள். அவருக்கு மறுபடியும் மாற்று ஆள் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். புது ஹெல்பரிடம் மாஸ்க்கைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சம்பளம் கூட்டிட்டாங்களாண்ணே? நல்லது, பாத்துப் போங்க" என்றார்.

என் பிள்ளைகள் படிப்பது அவர் தந்த தொழிலால். அவருக்கு எப்படிக் கோபம் வரவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு வருகிறது. அவருக்கு லீவு எப்போது? தேதியை எழுதி, எல்லோரும் பார்க்க, கேம்ப் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.