முத்தாரம்மாள் சொன்ன களவு

மலையாள நாட்டு வலியசாலையில் முத்தாரம்மாளோடு சண்டை போடாத வீடு எது என்று கேட்டால், பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் காட்ட வேண்டும். நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதிக் குடும்பம் நடத்தினாள், மகளைக் கட்டிக் கொடுத்தாள், கணவனைப் பறிகொடுத்தாள், இப்போது தனியாக இருக்கிறாள். வரிக்காரர்களுக்காகக் கணக்கைக் கொஞ்சம் மாற்றி எழுதும்படி மண்டி முதலாளி ஒருமுறை கேட்டார். "வேற ஆளைப் பாத்துக்கிடுங்க" என்று பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு அவர்தான் ஆளனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். தன் வாயில் பொய் வராது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம். அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டே தெருவை ஆட்டிப் படைத்தாள் என்றும் சொல்லலாம்.

சண்டை எல்லோரோடும் உண்டு. வெறுப்பு ஒருவன் மேல் மட்டும். எதிர்வீட்டுப் பிச்சையாவின் மகன் ஸ்ரீஜித்.

அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று ஸ்ரீஜித் பள்ளிக்கூடத்துப் பையன். முக்கில் போய் ஒரு ஆட்டோ கூட்டி வரச் சொன்னாள். ஓடினான், திரும்பி வந்தான். "விளிச்சாச்சு அத்தே, இப்ப வரும்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆட்டோ வரவேயில்லை. கேட்டில் நின்று நின்று கடைசியில் கோயிலுக்கு வந்த யாரோ ஒருவருடைய காரை மறித்து ஏற்றிக்கொண்டு போனாள். கணவர் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டாண்டில் போய் விசாரித்தாள். அன்றைக்கு யாரும் வந்து வண்டி கேட்கவில்லை என்றார்கள். சீக்கிரம் கொண்டு வந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அன்றுமுதல் தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் களவு பறைந்து தன் தாலியை அறுத்தவன் என்று.

களவு என்றால் அவள் வாயில் பொய், பறைவது என்றால் சொல்வது. இந்த ஊர்த் தமிழில் மலையாளம் கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பொய் என்ற சொல் அவளுக்குச் சப்பென்று இருக்கும். களவு என்று சொன்னால்தான் திட்டின மாதிரி இருக்கும்.

இந்த நிலையில்தான் பயத்தை அளக்க ஆட்கள் வந்தார்கள். எந்தத் தெருவில் ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எங்கே போலீஸ் ரோந்து வேண்டும், எங்கே கேமரா வேண்டும் என்றெல்லாம் கண்டுபிடித்து அரசுக்கு யோசனை சொல்லும் ஆய்வாம். தமிழ்க் குடும்பங்கள் உள்ள தெருக்களுக்கென்று சென்னையிலிருந்து ஆனந்தகிருஷ்ணன் என்ற ஆய்வாளர் வந்தார். மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றினார், தண்ணீர் கொடுத்ததற்கு இரண்டு தடவை நன்றி சொன்னார், போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

"இந்தத் தெருவுல யாரைப் பார்த்தாவது உங்களுக்குப் பயமோ, நம்பிக்கை இல்லாத மாதிரியோ இருக்காம்மா?"

"பயமா? எனக்கா? எதிர்த்த வீட்டுல ஒரு பய உண்டு. சின்னதிலேயே களவுதான். களவில்லாம அவனுக்கு ஒரு நாள் கழியாது. அவன் அப்பனுக்கும் தெரியும், கண்டுக்கிட மாட்டாரு."

ஆனந்தகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். "களவா?"

"களவுதான். நல்லா எழுதிக்கிடுங்க."

நன்றாகத்தான் எழுதிக்கொண்டார். குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில், ஸ்டேஷன்காரர்களையும் உட்கார வைத்து, ஆய்வின் முடிவுகளைப் பெரிய திரையில் காட்டினார்கள். யாருடைய பெயரும் வெளியே வராது என்பதில் அவர்களுக்கு ஏகப் பெருமை. திரையில் இப்படி வந்தது: 'எதிர்வீட்டு இளைஞனுக்குச் சிறு வயதிலிருந்தே திருட்டுப் பழக்கம். தந்தைக்குத் தெரியும். தனியாக வசிக்கும் பெண், வலியசாலை.' தனியாக வசிக்கும் பெண் அந்தத் தெருவில் ஒருத்திதான். அவளுக்கு எதிர்வீடும் ஒன்றுதான். பெயரை மறைத்த லட்சணம் இது. முத்தாரம்மாள் கூட்டத்துக்குப் போகவில்லை. சங்கச் செயலாளர் பகவதிப்பெருமாளோடு அப்போது அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அடுத்த மாதம் தெருவில் மூன்று வீடுகளில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. ஸ்டேஷனில் விசாரித்தபோது பகவதிப்பெருமாள் தலையைச் சொறிந்துகொண்டே, "நாம எதுக்கு ஒருத்தரைச் சொல்லணும், ஆய்விலேயே வந்திருக்கே" என்றார். அவ்வளவுதான். ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவனுக்குக் கத்தாரில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை சரியாகியிருந்தது. குற்றவழக்கு ஏதும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கொடுத்தால் விமானம் ஏறலாம். விசாரணை முடியாமல் அதைத் தர முடியாது என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

பிச்சையா அவள் கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"இப்பம் உனக்குக் குளுந்துச்சா? எம்மவனைத் திருடன்னு ஊரு பூரா படம் போட்டுக் காட்டியாச்சு."

"நான் எப்பம் திருடன்னு சொன்னேன்? களவு பறயவன்னுதானே சொன்னேன். அது நேருதானே, உண்மைதானே."

"அதை ஸ்டேஷன்ல போயிச் சொல்லு."

அவள் முதலில் ஆனந்தகிருஷ்ணனைப் போனில் பிடித்தாள். அவர் பதறித்தான் போனார். "தமிழ்ல களவுன்னா திருட்டுதானேம்மா?"

"எந்தத் தமிழ்ல?"

அவர் மன்னிப்புக் கேட்டார். இறுதி அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பு சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

"அடிக்குறிப்பைக் காட்டினா பிளேன்ல ஏத்துவானா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

ஸ்ரீஜித்தின் மேல் இரக்கம் வந்து அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அவன் கெட்டு நாசமாகப் போனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் தான் சொல்லாத ஒன்று தன் பெயரில் ஊரில் உலவுகிறது. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எஸ்.ஐ. ஷைஜு காது கொடுத்துத்தான் கேட்டார். ஓரத்துப் பெஞ்சில் ஸ்ரீஜித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"சேச்சி, களவுன்னா ரெண்டும் உண்டு" என்றார் ஷைஜு, பாதி மலையாளத்தில். "திருட்டுப் பொருளுக்கு நாங்க களவு முதல்னும் எழுதுவோம், பொய் வாக்குமூலத்துக்குக் களவு மொழின்னும் எழுதுவோம். நீங்க சொன்னது ஏது?"

"மொழிதான் சாரே. இவன் வாயெடுத்தா களவு. கை நீளம் கிடையாது. அது எனக்கு உறப்பா அறியும்."

"செரி. மோட்டார் போன ராத்திரி வித்துரா ஊரில கூட்டுக்காரன், சிநேகிதன் லிபின் வீட்டில இருந்தேன்னு இவன் சொல்லுறான். லிபினும் ஆமான்னு சொல்லுறான். கூட்டுக்காரன் வேறென்ன சொல்லுவான்? வேற சாட்சி இல்லை. இவன் வாயெடுத்தா களவுன்னு நீங்களே சொல்லுறீங்க. அப்போ இவன் சொல்லுறதை நான் எப்படி விசுவசிக்க?"

முத்தாரம்மாள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். திருடன் அல்ல என்று சொல்ல வந்தவள், திருட்டு நடந்த இரவுக்கு அவனுக்கிருந்த ஒரே பேச்சையும் தன் வாயாலேயே செல்லாக் காசாக்கியிருந்தாள். ஸ்ரீஜித் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். கொன்றுவிடுகிற பார்வை.

ஷைஜுவுக்கும் இந்த வழக்கை இழுப்பதில் விருப்பமில்லை. இவனுக்கெதிராக இருப்பது அந்தத் திரையில் வந்த வாக்கு ஒன்றுதான், அதை மொத்தமாக எடுத்துவிட்டால் மேலதிகாரியிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். "பாதி எடுத்து பாதி வைக்கப் பற்றாது, நடக்காது சேச்சி. இவன் மேல உள்ள விரோதத்தில களவு பறஞ்சேன்னு எழுதித் தாங்க. அதோட தீர்ந்தது."

"நான் களவு பறஞ்சேன்னா?"

"அதே."

அவள் ஸ்ரீஜித்தைப் பார்த்தாள். மறுபடியும் ஷைஜுவைப் பார்த்தாள். எழுந்து போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். போனால், திருடாதவனைத் திருடன் என்று சொன்னவளாகக் காலம் முழுக்க இருக்க வேண்டும். இருந்தால், பொய் சொன்னேன் என்று ஒரு பொய்யில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கினாள். ஷைஜு சொல்லச் சொல்ல எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் ஸ்ரீஜித் பின்னாலேயே வந்தான்.

"இதுக்கு நான் நன்றி பறயணுமா?"

"உனக்காகச் செய்யலே. நான் சொல்லாததை நான் சொன்னதா வைக்கப்பிடாது. அதுக்காக்கும்."

"அப்பம் இப்ப எழுதிக் குடுத்தது?" என்று கேட்டுச் சிரித்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சான்றிதழ் வந்தது. கத்தாருக்கும் போய்விட்டான். மோட்டார்களைத் திருடினது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனந்தகிருஷ்ணனின் அடிக்குறிப்பும் அச்சில் வந்ததாகக் கேள்வி. தெருமுனையில் ஒரு கேமராவும் வைத்துவிட்டார்கள்.

பிச்சையா மட்டும் ஓயவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பிரசாத வரிசையில் நின்றபோது, அவளுக்கு முன்னால் பகவதிப்பெருமாள். வெகு நாளைக்குப் பிறகு அவராகவே திரும்பிப் பேசினார்.

"தெரியாமத்தான் கேக்கேன். தப்பா எடுக்கப்பிடாது. அப்படின்னா அந்த ஆட்டோ காரியமும் நீங்க விரோதத்துல சொன்னதுதானா?"

"அது சத்தியம்" என்றாள் முத்தாரம்மாள். "பெருமாளே, அது சத்தியமாக்கும்."

"செரி, செரி" என்றார் அவர், குழந்தையிடம் சொல்வதுபோல. பிறகு திரும்பி நின்று பாயசத்துக்குக் கையை நீட்டினார்.