வரதன் மேஸ்திரி கேட்ட கேள்வி

ஏழு வருஷம் மனு எழுதிக் கொடுத்து, எட்டாவது வருஷம்தான் ரத்னாவின் பெயர் அரசாங்க வீட்டுப் பட்டியலில் வந்தது. பழைய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, வெறும் மனையில் அவளை நிற்க வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும். அதற்குப் பதினைந்து நாள் கெடு. தவறினால் அந்த வீடு பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும் என்று ஓவர்சியர் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாமான் கட்டுவதிலும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவதிலுமே பன்னிரண்டு நாள் போய்விட்டது.

ரத்னா பொன்னேரிப் பக்கம் நாற்று நடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கூடப் பிறந்தது ஒரே தம்பி, மாரியப்பன். எளாவூருக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்த சரவணனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நிலமெல்லாம் கம்பெனியாக ஆன பிறகு சரவணன் லோடு ஏற்றப் போனான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், செக்போஸ்டைத் தாண்டி சைக்கிளில் வந்தவனை லாரி அடித்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாரியப்பன் வந்து அக்காவை ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் சேர்த்துவிட்டான். அக்கா பிள்ளை குணாளனை ஐடிஐ படிக்க வைத்தவனும் அவன்தான். தன் மகள் தமிழ்செல்வி குணாளனுக்குத்தான் என்று அவன் சொல்லி மூன்று வருஷம் இருக்கும். புது வீட்டில் பால் காய்ச்சி, தை மாசம் கல்யாணம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி வைத்திருந்தார்கள்.

இடிப்பதற்குக் குறித்தது ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. முந்தின நாளே மின்சார லைனைப் பிடுங்கிவிட்டார்கள். கூரை ஷீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியாயிற்று. கட்டிலும் டிவியும் பக்கத்து வீட்டுச் செண்பகத்தின் கொட்டகையில் கிடந்தன. பாத்திர மூட்டை, அரிசி டிரம், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் மாரியப்பன் தன் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தான். வானத்தைக் கூரையாக வைத்துக்கொண்டு நாலு மண்சுவர் மட்டும் நின்றது.

வரதன் மேஸ்திரி பழைய ஆள். கடப்பாறைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். வாசற்படியில் கற்பூரம் ஏற்றினார். முதல் குத்து குத்துவதற்கு முன்னால் எந்த வீட்டிலும் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்டார்.

"ரத்னாம்மா, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. இந்த ஊட்டு வகையில முழுகாம கீற பொம்பள யாருனா கீறாங்களா?"

வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டை இடிக்கக் கூடாது. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட அந்தப் பக்கத்தில் யோசிப்பார்கள். ஆனால் ரத்னா வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன வேலை இருக்கிறது?

"இந்த ஊட்ல கீற ஒரே பொம்பள ரத்னா," என்றாள் செண்பகம். "நல்லா கேளு மேஸ்திரி, அக்கம்பக்கம் நாங்களும் தெரிஞ்சிக்கினு போறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். ரத்னாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாரியப்பன்கூடச் சிரித்தான்.

குணாளன் உள்ளே சுவரோரம் மிச்சச் சாமானைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் வெளியே வந்து, "மேஸ்திரி, கடப்பாறையக் கீழ வைங்க," என்றான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பழைய சுவராயிற்றே, தேள் கொட்டிவிட்டது என்றுதான் ரத்னா நினைத்தாள். ஓடிப்போய் அவன் காலைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க நைனா கொட்ச்சு? விரல்லயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"ம்மா. மெர்சிக்கு ஏழு மாசம்."

மெர்சி யார் என்று ரத்னாவுக்குத் தெரியாது. சொந்தத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. தெருவிலும் இல்லை. யாரோ ஒருத்திக்கு ஏழு மாசம் என்றால் இவன் ஏன் கடப்பாறையைக் கீழே வைக்கச் சொல்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் கை மட்டும் இன்னும் அவன் காலைத் தேடிக்கொண்டிருந்தது.

அவன் தலையைத் தூக்காமல் சொன்னான். அவனோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிற பெண். கவரப்பேட்டைப் பக்கம், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். போன வருஷம் பொன்னேரியில் ரிஜிஸ்தர் செய்துகொண்டார்கள். அவள் வீட்டில் தெரிந்து, பேச்சை நிறுத்திவிட்டார்கள். இன்னும் மூன்று பெண்களோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு ரூமில் இருக்கிறாள். மாமனுக்குப் பயந்துதான் இங்கே சொல்லவில்லை.

ரத்னா மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். போன வருஷம் என்றால் எந்த மாசம்? இதே பிள்ளை தினமும் தன் கையால் சோறு வாங்கித் தின்றுவிட்டுத்தானே ஷிப்டுக்குப் போனான்? தமிழ்செல்விக்குப் புடவை எடுக்கப் பொன்னேரிக்குப் போனபோது, இந்தக் கலர் நல்லா இருக்கும்மா என்று சொன்னவனும் இவன்தானே? ஒரு வருஷமாகத் தான் யாரோடு ஒரே வீட்டில் இருந்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

அத்தனை நாள் மறைத்தவன் இன்றைக்கு ஏன் சொன்னான் என்பது மட்டும் அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. குணாளனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. ரத்னாவுக்கு அப்போதும் ஏழாம் மாசம். புழுக்கம் தாங்காமல் அவள் தவிப்பதைப் பார்த்து, சரவணன் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தான். அதிலிருந்து பதினோராம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. உடம்பில் ரத்தமே இல்லை, அதனால்தான் என்றார் பொன்னேரி டாக்டரம்மா. சுவரை உடைத்ததால்தான் என்றாள் மாமியார். சரவணன் சாகிற வரைக்கும் அந்த ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் குணாளன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சுவர் விழுந்திருக்கும், புது வீடு வந்திருக்கும், விஷயம் இன்னும் கொஞ்ச நாள் மறைந்திருக்கும். அவனால் முடியவில்லை.

மாரியப்பன் டிரெய்லரிலிருந்து இறங்கி வந்தான். அடிக்கப் போகிறான் என்று செண்பகம் குறுக்கே போனாள். அவன் அடிக்கவில்லை. மருமகன் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவிடம் மட்டும், கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசினான்.

"அக்கா, அந்தப் பொண்ணு நம்ம படி ஏறல. நீ அவள மருமகள்னு சொல்லல. அப்பறம் அது வயித்துல கீறதுக்கும் இந்தச் சொவத்துக்கும் இன்னா சம்பந்தம்? இவன் சொன்னத நான் காதுல வாங்கல. மேஸ்திரி வேலயப் பாக்கட்டும். பேசி அனுப்ச்சுட்டா ஆச்சு. எம் பொண்ணு பேச்சு பேச்சாவே இருக்கும்."

எல்லாரும் ரத்னாவைப் பார்த்தார்கள். தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இடித்தால் வீடு உண்டு, தம்பி உண்டு, மூன்று நாளில் போட்டோ எடுத்துவிடலாம். இடிக்கலாம் என்று அவள் சொல்லிவிட்டால் அந்தப் பெண் இந்த வீட்டுக்கு யாருமில்லை என்று ஆகிவிடும். வேண்டாம் என்று சொன்னாலோ, முகம்கூடப் பார்க்காத ஒருத்தியை மருமகள் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். நடுவில் வேறு வழி இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. எழுந்து போய்க் கடப்பாறையை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தாள். இடிக்கத்தான் சொல்கிறாள் என்று மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எத்துக்கினு போ வரதா," என்றாள் ரத்னா. "எம் மருமகளுக்கு ஏழு மாசம். சொவத்தத் தொடாத."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மருமகள் என்ற சொல் தன் வாயிலிருந்து அப்படி வந்து விழும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

மாரியப்பன் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அரிசி டிரம், ஆட்டுக்கல் எல்லாம் அவனோடேயே போயின. மறுநாள் வேறு ஓர் ஆள் வந்து அவற்றை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். தம்பி வராமல் இன்னோர் ஆளை அனுப்பியதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதல் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கூரை ஷீட்டைத் திரும்பவும் மேலே போட்டார்கள். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் கம்பியால் கட்டி, மேலே கல் வைத்தார்கள். சாயங்காலம் குணாளன் ஷேர் ஆட்டோவில் மெர்சியை அழைத்துவந்தான். ஒரு பையும் ஒரு தலையணையும் கொண்டுவந்திருந்தாள். சின்ன முகம், பெரிய வயிறு. ரத்னாவால் முகத்தைப் பார்க்க முடியவில்லை, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியிலேயே அவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். மெர்சி படி ஏறாமல் நின்றாள். "அத்த, எங்கூட்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்க. என்னால உங்களுக்கு ஊடு போவ வேணாம். இடிச்சுக்கோங்க. நான் ரூம்லயே இருந்துக்கறேன்."

"நீ பாக்காட்டி போ. நான் பாப்பேன்," என்றாள் ரத்னா. "தலையணைய இப்டி குடு. உள்ள வா."

கெடு முடிகிற அன்றைக்கு ஓவர்சியர் வந்தார். நிற்கிற சுவரையும், கயிற்றில் காய்கிற தொளதொள நைட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்னா காரணத்தைச் சொன்னாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டார், எரிந்து விழவில்லை. ஆனால் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. எழுதி முடித்து, விதிப்படி அவளுக்குப் படித்துக் காட்டினார்: விண்ணப்பதாரருக்கு வீடு கட்டிக்கொள்ள விருப்பமில்லை.

எட்டு வருஷம் அந்த அலுவலக வாசலில் நின்றவள், யாரைப் பற்றியோ படிக்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

"சார், வேற மாரி எழுத முடியாதா?"

"வேற கட்டம் இல்லம்மா."

உள்ளே மெர்சி இருமுகிற சத்தம் கேட்டது. ரத்னா படிவத்தைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடத் தெரிந்த மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதினாள்.