நானே போட்ட விலை

வெரிபீயிலிருந்து மெல்பேர்ண் நகருக்குப் போகும் காலை ரயிலில் எட்டு வருடம் போய்வந்தேன். ஒரு சரக்குக் கம்பனியில் பெட்டிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. பந்தயம் கட்டத் தொடங்கியது அந்த ரயிலில்தான். கூட வேலைசெய்த ஒருத்தி தன் கைபேசியைக் காட்டி, சும்மா ஐந்து டொலர் போட்டுப் பார் என்றாள். போட்டேன், வென்றேன். பிறகு ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலிய உதைபந்து, டென்னிஸ், பெயர் பிடித்த குதிரைகள் என்று கண்டதிலெல்லாம் போட்டேன். வென்றால் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். தோற்றால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

ஒருநாள் எங்கள் பிரிவை வெளிநாட்டுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். இழப்பீட்டுப் பணத்தோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது கிழமை, என் கணவர் பஸ் ஓட்டப் போயிருந்த ஒரு காலையில், நான் இதுவரை கட்டிய பந்தயங்கள் அத்தனையையும் கைபேசியிலிருந்து இறக்கி எடுத்தேன். கொஞ்சம் இழந்திருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். குடும்பமாக யாழ்ப்பாணம் போய்வந்திருக்கலாம், அவ்வளவு போயிருந்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பிறகு, தெரியாமல் விடுவதைவிட எல்லாவற்றையும் தெரிந்துகொள்வோம் என்று எந்த விளையாட்டில் எவ்வளவு போயிற்று எனப் பிரித்தேன். குதிரையில் தோல்வி. டென்னிஸில் படுதோல்வி. ஃபுட்டியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பெண்கள் கிரிக்கெட்டில் மட்டும் நான் முன்னால் நின்றேன். ஏதோ ஒரு நல்ல நாளில் வந்த அதிர்ஷ்டமாக இருக்கும் என்று மறுபடி பார்த்தேன். நான் அதில் கட்டிய நான்கு கோடைகாலமும் அப்படியே இருந்தது.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். மகள் கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்த வருடம், ஓட்டங்களைக் குறிக்க ஆளில்லை என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். இரண்டு கோடையில் மகளுக்கு கிரிக்கெட் அலுத்துப்போய் ட்ரம்ஸ் பழகப் போய்விட்டாள். நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஒவ்வொரு பந்தாகக் குறிக்கிறவளுக்கு மற்றவர்கள் காணாதது கண்ணில் படும். யார் முழங்காலைத் தடவுகிறாள், எந்தப் பக்கத்துக் காற்றில் சுழற்பந்து மிதக்கிறது, எந்தத் தலைவி பதறினால் யாரிடம் பந்தைக் கொடுக்கிறாள் எல்லாம் தெரியும். அந்தக் கண்ணோடுதான் தொலைக்காட்சியில் பெரிய ஆட்டங்களையும் பார்த்துவந்தேன்.

அன்று மாலை கணவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"ஒரு வருசத்துக்கு வேலை தேடாமல் இதைச் செய்து பாக்கப் போறன்."

"எதை?"

"பந்தயம். பெண்கள் கிரிக்கெட்டில மட்டும்."

கோப்பையைக் கீழே வைத்தார். "சூதாடப் போறன் எண்டு சொல்லுறீர்."

"இவ்வளவு நாளும் செய்ததுதான் சூது. இனிச் செய்யப்போறது வேற."

"குடிக்கிறவனும் இப்பிடித்தான் சொல்லுவான்."

சுருக்கென்றது. அதில் உண்மை இருந்தது. நான் பிரித்துவைத்த தாள்களை அவர் முன் வைத்தேன். எட்டு வருடத்து இழப்பை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். எழும்பி வெளியே போய்க் காரைக் கழுவினார். முதல்நாள்தான் கழுவிய கார். திரும்பி வந்தபோது சட்டை முழுக்க ஈரம்.

"வீட்டுக்காசில ஒரு சதமும் தொடப்படாது," என்றார். "தோத்தால் அண்டைக்கே என்னட்டச் சொல்ல வேணும். வெண்டாலும் சொல்ல வேணும். ஒளிச்சீர் எண்டால் அதோட முடிஞ்சுது."

"ஓம்."

"நான் நம்பிச் சொல்லேல்லை. நீர் தாளைக் காட்டினபடியால சொல்லுறன்."

இழப்பீட்டில் ஒரு பகுதியை வேறாக வைத்தேன். அது முடிந்தால் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு பந்தயமும் ஒரே அளவு, அதுவும் அந்தத் தொகையில் நூற்றில் ஒன்று. குதிரையையும் ஃபுட்டியையும் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. முக்கியமான விதி ஒன்று இருந்தது. பந்தயக் கம்பனி ஒவ்வோர் அணிக்கும் ஒரு விலை வைக்கும்; அந்த அணி வென்றால், கட்டிய ஒரு டொலருக்குத் திரும்பத் தரும் தொகை அது. இரண்டு டொலர் என்றால் வெற்றிக்கும் தோல்விக்கும் சரிபாதி வாய்ப்பு, நான்கு என்றால் நான்கில் ஒன்று. கம்பனியின் விலையைப் பார்க்குமுன் என் விலையை நானே தாளில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகுதான் கைபேசியைத் திறக்கலாம். அவர்கள் என் விலையைவிடக் கூடுதலாகத் தந்தால் கட்டுவேன். இல்லாவிட்டால் மூடிவைத்துவிட்டுச் சமைக்கப் போவேன்.

பெரும்பாலான நாட்களில் சமைத்தேன்.

இது வேலையா என்று முதல் மாதங்களில் எனக்கே சந்தேகம் வந்தது. காலை எட்டரைக்கு மேசையில் இருப்பேன். பழைய ஆட்டங்களை ஓடவிட்டு ஒவ்வொரு ஓவராகப் பார்ப்பேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, யூ ஆர் சோ வியர்ட்," என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பிறகு தொடர்ந்து ஒன்பது பந்தயம் தோற்றேன். ஒன்பதாவது தோற்ற மாலை, எங்கோ ஐரோப்பாவில் நடக்கும், பெயர்கூட உச்சரிக்க வராத இருவரின் டென்னிஸ் ஆட்டத்தை என் விரல் திறந்துவிட்டது. ஒரே பந்தயத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று உடம்பு முழுக்க ஒரு சூடு. எனக்கு என்மேலேயே பயம் வந்தது. கைபேசியைக் கொண்டுபோய்க் கணவரின் கையில் கொடுத்தேன்.

"எத்தினை?" என்றார்.

"ஒன்பது. இப்ப பத்தாவதா டென்னிஸில போடப் பாத்தன்."

திட்டுவார் என்று நின்றேன். கைபேசியைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாரும், நடந்திட்டு வருவம்," என்றார். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கிடையே, இன்னும் விளக்குப் போடாத தெருக்களில் நடந்தோம்.

மறுநாள் அந்த ஒன்பதையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். ஏழில் நான் கட்டிய பிறகு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குள், கம்பனியின் விலை இறங்கி என் விலைக்குக் கிட்ட வந்திருந்தது. என்னைவிடப் பெரிய ஆட்கள் எனக்குப் பின்னால் வந்து அதே பக்கம் கட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் என் கணிப்பில் பிழையில்லை, பந்துதான் மறுபக்கம் போயிருக்கிறது. கணவரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன். பாதிதான் விளங்கியிருக்கும்.

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"அதே அளவில, அதே மாதிரித் தொடரப் போறன்."

"அதுதான் எனக்குக் கேக்க வேண்டியிருந்தது," என்று கைபேசியைத் திருப்பித் தந்தார்.

கோடை தொடங்கியதும் காற்று என் பக்கம் திரும்பியது. இங்கே நடுக்கோடையான தை மாதம் ஓர் ஆட்டத்தை நேரில் பார்க்கச் சிட்னிக்குப் போனேன். பிளாக்டவுனில் இருக்கும் தங்கையின் வீட்டில் தங்கினேன். அவளும், மிதிவெடி என்று நாங்கள் சொல்லும் முட்டை வைத்த ரோல்ஸோடு கூட வந்தாள். ஆட்டத்துக்கு ஒன்றரை மணிநேரம் முன்பே போய் வேலியோரம் உட்கார்ந்துவிட்டோம்.

எல்லாரும் வெல்லும் என்று சொன்ன அணியில் ஒரு பெரிய வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். அணிப் பட்டியலிலும் பெயர் இருந்தது. மைதானத்துக்கு வந்து ஓடினார், குனிந்து நிமிர்ந்தார், பந்து பிடித்தார். ஆனால் பிடித்த ஒவ்வொரு பந்தையும் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் கீழாலேயே உருட்டிவிட்டார். மற்றவர்கள் பந்துவீசிப் பழகும்போது அவர் மட்டையை எடுத்துக்கொண்டு போனார். நான் அசையாமல் அரைமணிநேரம் அவரையே பார்த்தேன்.

"அக்கா, ரோல்ஸ் ஆறுது."

"அவ இண்டைக்குப் பந்து போட மாட்டா."

"ஆர் சொன்னது?"

"அவவின்ர தோள்."

தாளை எடுத்து முதலில் எழுதியிருந்த விலையை வெட்டிவிட்டுப் புது விலை எழுதினேன். பிறகு கைபேசியைத் திறந்தேன். எதிரணிக்கு நான்கு டொலருக்கு மேலே தந்துகொண்டிருந்தார்கள். என் தாளில் இரண்டரை. வழக்கமான அளவில் கட்டினேன்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு தெரிஞ்சுகொண்டும் இவ்வளவுதானோ போடுறாய்?"

"இவ்வளவுதான்."

"விசரே உனக்கு?"

எனக்கும் ஆசை இல்லாமலில்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன்.

அந்தப் பெண் ஒரு பந்தும் வீசவில்லை. கடைசி ஓவர்களை ஒரு புதுப்பிள்ளை வீசவேண்டி வந்தது. எதிரணி இரண்டு பந்து மிச்சமிருக்க வென்றது. தங்கை எழும்பிக் கத்திய கத்தலில் முன்வரிசை வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்துத் தானும் கைதட்டினார். நான் கத்தவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ விரிந்துகொண்டே போனது. வென்ற தொகை பெரிதில்லை. அந்த மைதானத்தில் இருந்த அத்தனை பேரிலும் அதை நான் மட்டும் கண்டேன் என்பது பெரிதாக இருந்தது.

அந்தக் கோடை முடியுமுன், ஒருநாள் கட்டப் போனபோது, உங்களுக்கு இரண்டு டொலருக்குமேல் அனுமதியில்லை என்று திரையில் வந்தது. ஏதோ பிழை என்று கம்பனிக்கு எழுதினேன். வணிகக் காரணங்களுக்காக என் கணக்கு மட்டுப்படுத்தப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. எட்டு வருடம் தோற்றபோது பிறந்தநாளுக்கெல்லாம் வாழ்த்து அனுப்பியவர்கள். கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உமக்குப் பயந்திட்டாங்களப்பா! வெரிபீயில குசினிக்குள்ள இருக்கிற மனிசிக்குப் பயந்திட்டாங்கள்!"

அந்தக் கடிதத்தை அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியதும் அவர்தான். ஒவ்வொரு கம்பனியாகக் கதவைச் சாத்த, ஆட்களே ஆட்களோடு பந்தயம் கட்டும் தளத்துக்கு மாறினேன். வெல்கிறவர்களை அங்கே துரத்துவதில்லை, வென்ற தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஆட்டங்கள் குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். பொறுமை என்னிடம் இருந்தது. ஒரு வருடம் என்று தொடங்கியது நீண்டு, இரண்டாவது வருட முடிவில், வீட்டுச் செலவில் என் பங்கை நான் சரக்குக் கம்பனியில் இருந்தபோது கொடுத்ததைப்போலவே மாதாமாதம் கொடுத்துவந்தேன்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஓர் அங்கிள் கணவரிடம் கேட்டார். "தம்பி, உம்மட மனிசி இப்ப எங்க வேலை?"

வழக்கமாக, வீட்டிலிருந்து கணினியில் ஏதோ செய்கிறா என்று மழுப்புவோம். நான் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அவ கிரிக்கெட்டில பந்தயம் கட்டுறா, அங்கிள். அதுதான் அவவின்ர தொழில்."

அங்கிள் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அது... நட்டம் வராதோ?"

"வரும்," என்றார் கணவர். "வந்தால் அண்டைக்கே சொல்லுவா." பிறகு, பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பழகிய குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்தத் தொழிலில எனக்கு ஒரு நாளும் ஒளிச்சதில்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டு கேக் சாப்பிட்டேன். முகம் சிவந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில், கார் ஓட்டிக்கொண்டிருந்த அவரின் ஒரு கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கை இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே இருக்க, அடுத்த சந்தியில் சிவப்பு விளக்கு விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.