திருஷ்டிக்கு என் முகம்

எங்கள் தெருவில் எதிர்வீடு கட்டுகிறார்கள். ஜெர்மனியில் கூரைச்சட்டம் ஏறியதும் உச்சியில் ரிப்பன் கட்டிய பச்சை வளையம் ஒன்றை மாட்டி, கீழே பீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள். ரிஷ்ட்ஃபெஸ்ட் என்று பேர். நானும் போய் அண்ணாந்து பார்த்தேன். பழக்கதோஷம், கண் சாரத்தில் ஒரு கோர முகத்தைத் தேடியது. திருஷ்டி மூஞ்சி எங்கே என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் தலைமைத் தச்சனைக் கேட்டேன். யாரோ ஆளைத் தேடுகிறேன் என்று நினைத்துவிட்டான். எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள், நீயும் உட்கார் என்று கையில் ஒரு கிளாஸைத் திணித்தான். என் வீட்டார் புது வீடு கட்டியபோது என்னை யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து வேர்பிடித்த குடும்பம். நான் ஓவியக் கல்லூரியில் களிமண் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஆண்கள்மேல்தான் ஆசை. தனியாக இருக்கும்போது மை இட்டுக்கொண்டால்தான் என் முகம் எனக்கே பிடிக்கும். வீட்டில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, பெண் பார்க்கும் பேச்சு வேறு ஆரம்பித்துவிட்டது. சரி, மண்ணாவது பேசட்டும் என்று கண்ணாடியைப் பார்த்து என் தலையைச் செய்தேன். என் மீசை, என் தாடை, கண்ணில் மை, மூக்கில் மூக்குத்தி, நெற்றியில் பொட்டு. கிளேஸ் பூசி, சூளையில் சுட்டு, ஹால் ஷோகேஸில் கொண்டுவந்து வைத்தேன். இதுதான் நான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மா மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுநாள் ஷோகேஸ் காலி.

ஞாயிற்றுக்கிழமை, பாலவாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்க எல்லாரும் காரில் போனோம். முதல் மாடிச் சாரத்தில் கட்டுக்கம்பியில் என் தலை தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பெயிண்டில் நீளமாக நாக்கு வரைந்திருந்தார்கள். சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரி அப்பாவிடம் கேட்டார்: "இன்னா மொதலாளி, இது ஆம்பளையா பொம்பளையா?"

"ரெண்டுலயும் சேத்தி இல்ல. அதான் இங்க மாட்டிருக்கேன். ஊர்க்கண்ணு பூரா அதும்மேலயே விழட்டும்."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், பாவி மனுஷன்.

கிரகப்பிரவேசத்தன்று அதை இறக்கி, பூசணிக்காயோடு சேர்த்து முச்சந்தியில் உடைக்க வேண்டும் என்றார். அதுவும் என் கையால். உடைத்தேன். பூசணி ஒரே போடில் சிதறியது. என் தலைக்கு நாலைந்து போடு ஆயிற்று. கால் கழுவித் திரும்பினால், உள்ளே எல்லாரும் காய்ச்சிய பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலை மறித்து நின்றார். "அதான் ஒன் சோலி முடிஞ்சிட்டுல்லா" என்றார்.

அடுத்த வருஷம் உதவித்தொகை கிடைத்து இங்கே வந்துவிட்டேன். மண் தலைகள்தான் இப்போதும் பிழைப்பு. மீசையும் மூக்குத்தியுமாகச் செய்து வைத்தால், கண்காட்சிக்கு வருகிறவர்கள் இது எந்த இந்தியச் சாமி என்று பக்தியோடு கேட்கிறார்கள். அங்கே பேய், இங்கே சாமி. மனுஷன் என்று எவனும் சொல்லித் தொலைப்பதில்லை.

போன மாதம் அண்ணன் போன் செய்தார். அப்பா இறந்ததைக் காரியமெல்லாம் முடிந்தபிறகு எனக்குச் சொன்ன மகராசன். இப்போது அந்த வீட்டுக்கு இரண்டாம் மாடி எடுக்கிறாராம். அந்த மூஞ்சி தொங்கியவரை ஒரு செங்கல்கூட நழுவவில்லை, உன் கை ராசிக் கை, இன்னொன்று செய்து தா என்றார். நானே கொண்டுவந்து மாட்டுகிறேன் அண்ணே என்றேன். அண்ணன் அவசரமாக மறித்தார்.

"நீ எதுக்குலே அலையணும்? மூஞ்சி மட்டும் வந்தாப் போதும்."

செய்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், அந்த வீட்டில் எனக்கு வேறு இடம் ஏது? இந்த முறை மூக்குத்தியைப் பெரிதாகவே வைத்திருக்கிறேன், தெருவில் போகிறவர்களுக்கும் தெரியட்டும். பஞ்சு சுற்றிய பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறது, ஊருக்குப் போகிற பாதி நான். மீதி நான் மூடிக்கு ஆணி அடிக்கிறேன்.